நாலு நாடும் ஒரு மடியும்

என்னைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் சங்கரன்கோவிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் நாலு நாடு பார்த்துவிட்டு வந்தவன் என்று பெயர். டீக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, டென்மார்க்குல ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்குமாமே, நெசமா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றால் ஒரு பெருமூச்சு. "குடுத்து வச்சவரு நீங்க." நான் சிரித்துக்கொள்வேன். அந்த வருஷம் முழுக்க, நாலு நாட்டிலும், வயிறெரிந்துகொண்டிருந்தது நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதுவும் யாரைப் பார்த்து? சொந்தத் தம்பியைப் பார்த்து. தெற்கே திருச்செந்தூர், வடக்கே மதுரை, அதைத் தாண்டி எங்கும் போயிராத தம்பியைப் பார்த்து.

எனக்குக் காத்தாடி வேலை. பனவடலிசத்திரம் பக்கம் பஸ்ஸில் போனால் வரிசையாக நிற்குமே காற்றாலைகள், அவற்றை நாங்கள் காத்தாடி என்போம். மழையும் மண்ணும் இடியும் பட்டு அதன் இறக்கைகளில் வெடிப்பு விழும். உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு வெடிப்பைத் தேய்த்து, கண்ணாடி நார்த் துணி ஒட்டி, ரெசின் பசை பூசிச் சரிசெய்ய வேண்டும். இந்த வேலையில் ஒரு கூத்து உண்டு. காற்றுக்காக நட்ட கம்பத்தில் காற்று அடித்தால் எங்களால் ஏற முடியாது. காற்று குறையும்வரை கீழே குந்தியிருக்க வேண்டியதுதான். குந்தியிருக்கிறவன் என்ன செய்வான்? போனைப் பார்ப்பான். நான் போனைத் திறந்தால் அதில் தம்பி இருப்பான்.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், நடுவில் தங்கச்சி, கடைசியில் தம்பி. தங்கச்சியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறோம். தம்பி பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கம்பெனி என்னை வெளிநாட்டுச் சுற்றுக்கு அனுப்பியபோது தங்கச்சி நிறைமாசமாக எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கிளம்பும்போது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"காதுகுத்துக்கு என் மடிதான். மறந்துராத."

"வேற யாரு மடிண்ணே? மூத்த மாமன் நீ இருக்கும்போது."

பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது எங்களில் தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்துவார்கள். மாமன்மார் எத்தனை பேர் இருந்தாலும் மடி ஒன்றுதான்; மூத்தவனுக்குத்தான் முதல் உரிமை. தோடு, பட்டுப்பாவாடை, மாலை, பழத்தட்டு என்று சீர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பந்தலில் அவன் உட்காருகிற உட்காரலைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வார்டு கவுன்சிலர் வந்தாலும் அவருக்கு இரண்டாவது நாற்காலிதான். எங்கள் வீட்டில் இதுதான் முதல் பிள்ளை. அந்த நாற்காலியை நான் மனசுக்குள் எப்போதோ போட்டுவிட்டேன்.

டென்மார்க்கில் இறங்கிய இரண்டாம் வாரம் மருமகள் பிறந்தாள். தங்கச்சி மகள் எனக்கு மருமகள் முறை. தம்பிதான் ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கினானாம். அதை அவனே போன் போட்டுச் சொன்னான். "அண்ணே, உள்ளங்கைக்குள்ள அடங்கிட்டா பாத்துக்க." எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியதை எவனோ வரிசையில் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டது மாதிரி இருந்தது.

அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன்? பச்சை வயல், சிவப்பு ஓட்டு வீடு, ஊசியாகக் குத்துகிற குளிர்காற்று. எங்கள் குழுவில் ஒரு டேனிஷ்காரன் இருந்தான். இரண்டு வாரம் வேலை செய்வான், இரண்டு வாரம் வீட்டுக்குப் போய்விடுவான். போகும்போது காரின் பின்சீட்டில் குழந்தை உட்காரும் சின்ன நாற்காலியைத் தட்டித் துடைத்துச் சரிபார்ப்பான். அவன் பல்லை இளித்துக்கொண்டு கையாட்டிவிட்டுப் போகும்போது எனக்குக் காதில் புகை வரும். இத்தனைக்கும் நல்லவன், எனக்குக் கம்பளிச் சட்டையெல்லாம் கொடுத்தான். நல்லவன் என்பதற்காகப் பொறாமை குறைந்துவிடுமா? அவன் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே அவனைப் பார்த்து வயிறெரிந்தேன்.

தினமும் வீடியோ வரும். பிள்ளை குப்புற விழுந்தாள்; தம்பி குரல், "எப்பா, எப்பா!" பிள்ளை சிரித்தாள், தம்பி மூக்கைச் சுருக்கிக் காட்டியதற்குச் சிரித்தாளாம். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு சாயங்காலமும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறான். அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பிள்ளை கையைக் காலை உதறுகிறாளாம். இதைத் தங்கச்சி வேறு பெருமையாகச் சொல்லுவாள். "வண்டிச் சத்தம் அவளுக்குத் தனியாத் தெரியுதுண்ணே. வேற வண்டி வந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா." எனக்கு வண்டியே கிடையாது. நான் போகிற வண்டியெல்லாம் கம்பெனி வண்டி.

ஸ்பெயினில் வெயில் இருந்தது, அதனால் கொஞ்சம் ஊர் மாதிரி இருந்தது. அங்கே எங்கள் குழுத்தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு அழைத்துப்போனார். குழந்தைக்கு ஞானஸ்நானம். சர்ச்சுக்குள் போனால், குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி அருகில் நிற்பது நம்ம ஆள்! அவர்தான் ஞானத்தகப்பனாம். குழந்தையின் அம்மாவுக்கு அண்ணன் என்பதால் அவரைத்தான் நிற்கச் சொன்னார்களாம். பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்ற, குழந்தை வீறிட, அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கம்பத்தின் உச்சியில் நிற்கும்போதுகூட அந்த மனுஷன் அவ்வளவு உயரமாகத் தெரிந்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் வரிசையில் நின்று குலுக்கினேன். குலுக்கிவிட்டு நேரே வெளியே வந்து என் தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"நான் வராம காது குத்திராதீங்க. கேட்டியா?"

"என்னண்ணே திடீர்னு? அங்கன என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். என் கணக்கு சுலபமானது. மாப்பிள்ளை வீட்டில் காதுகுத்தைப் பதினோராம் மாசம் வைப்பது வழக்கம். அதற்குள் கென்யா, வியட்நாம் இரண்டையும் முடித்துவிட்டு ஊரில் இருப்பேன். காற்று மட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

கென்யாவின் காற்று ஒத்துழைக்கவில்லை. வடக்கே ஒரு பொட்டல் காட்டில் வேலை. கறுத்த கல்லும் முள்ளுச்செடியுமாகக் கிடக்கும், குருவிகுளம் பக்கத்துக் காட்டையே அடுப்பில் வாட்டி எடுத்த மாதிரி. நம் ஊரில் ஆடிக் காற்று என்றால் ஆடியோடு போகும். அங்கே வருஷம் பூராவும் ஆடி. அதனால்தான் அங்கே கொண்டுபோய்க் காத்தாடியை நட்டிருக்கிறார்கள். விடிகாலையில் கொஞ்ச நேரம் தணியும். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறி ஒரு கை தேய்ப்பதற்குள் திரும்ப எழும்பிவிடும். இறங்கிவிடுவோம். தூரத்தில் ஒட்டகம் மேய்க்கிறவர்கள் போவார்கள். முன்னால் தகப்பன், நடுவில் ஒட்டகங்கள், பின்னால் மாமனோ சித்தப்பனோ ஒருவன், தோளில் ஒரு பிள்ளை. சரி, அவர்களையும் விட்டுவைக்கவில்லை, அவர்களைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். முறை சொல்லித் தூக்கக் கையில் ஒரு பிள்ளை இருக்கிற எவனைப் பார்த்தாலும் அப்போது எனக்கு ஆகாது.

வேலை இழுத்துக்கொண்டே போனது. கென்யாவை முடித்து வியட்நாம் போய்ச் சேரும்போது மருமகளுக்குப் பதினோராம் மாசம் தொடங்கிவிட்டது. தங்கச்சி போனில் அழுதாள். அவள் மாமனார் பிடிவாதமாக இருக்கிறாராம். இந்த மாசம் விட்டால் மூன்றாம் வயசில்தான் குத்த முடியும், பேத்தி காதில் தோடு பார்க்காமல் நான் இருக்க மாட்டேன் என்கிறாராம். நான் லீவு கேட்டேன். இறக்கையைப் பாதியில் திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"அப்போ யாரு மடி?" என்றேன்.

கேட்டிருக்கவே வேண்டாம். வேறு யார் இருக்கிறார்கள்? "தம்பி மடிதாண்ணே" என்றாள் தங்கச்சி. "ஆனா ஒன்னய விட்டுருவோமா? வீடியோவுல நீயும் இருப்ப. நான் ஒரு யோசனை வச்சிருக்கேன்."

காதுகுத்து மேலநீலிதநல்லூர் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோவிலில். அன்று வியட்நாமில் காற்று பலமாக இருந்ததால் வேலை இல்லை. நான் குளித்து, பெட்டியின் அடியில் கிடந்த வேட்டியை எடுத்துக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, சைட்டில் கண்டெய்னர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வியட்நாம்காரப் பையன்கள் இரண்டு பேர் வேட்டியை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "இன்றைக்கு எங்கள் வீட்டு விசேஷம், நான்தான் அதில் முக்கியமான ஆள்" என்றேன். அவர்களும் மரியாதையாகப் பின்னால் வந்து நின்றார்கள்.

தம்பி போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பந்தல் தெரிந்தது, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மருமகள் தெரிந்தாள், பட்டு வேட்டியில் தம்பி தெரிந்தான். என் நாற்காலியில். கழுத்தில் மாலை வேறு. தங்கச்சி அவள் யோசனையைச் சொன்னாள்.

"அண்ணே, போனைத் தம்பி மடியில வைக்கப் போறேன். அதுக்கு மேல பிள்ளைய உக்கார வச்சுட்டா, ஒன் மடியிலயும் உக்காந்த மாதிரி ஆயிரும். ரெண்டு மாமன் மடியும் ஒண்ணாச் சேந்துரும் பாரு."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போனைத் தம்பியின் தொடையில் மல்லாக்க வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம் பந்தலின் தென்னங்கீற்றும் வானமும் தெரிந்தன. பிறகு பட்டுப்பாவாடை இறங்கியது. இருட்டிவிட்டது.

அவ்வளவுதான் நான் பார்த்த காதுகுத்து. சத்தம் மட்டும் வந்தது. "தலையப் புடிடே." "ஆசாரி, பாத்து, பாத்து." "காப்பரிசித் தட்டை இங்கன கொண்டா, வாயில ஒரு பிடி போடு." வெல்லமும் எள்ளும் போட்டுப் பிசைந்த அந்த அரிசிக்கு என் வாயில்கூட எச்சில் ஊறியது. பிறகு மருமகளின் அலறல், எனக்கு நேர் மேலே. நான் கறுப்புத் திரையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று கத்தினேன். பின்னால் நின்ற பையன்கள் திரையைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். அலறல் ஓயாமல் இருக்கும்போதே இணைப்பு அறுந்துபோனது. அப்புறம் எத்தனை தடவை அடித்தும் போன் போகவில்லை.

சாயங்காலம் தங்கச்சி தன் போனிலிருந்து அழைத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. இரண்டாவது காது குத்தும்போது பிள்ளை மடியிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாளாம். தம்பியின் பட்டு வேட்டியும் போச்சு, போனும் போச்சு. போனை அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறார்களாம். "மாமன் மடிய நனைச்சுட்டாளேன்னு எல்லாரும் ஒரே சிரிப்பு" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஈர வேட்டிக்குத்தான் எனக்கு அதிகமாக வயிறெரிந்தது. மாலை, நாற்காலி, போட்டோ எல்லாம் போகட்டும். அந்த ஈரம் எனக்குச் சேர வேண்டியது.

ஊர் திரும்பும்போது துபாய் விமான நிலையத்தில் பொடித் தோடு ஒரு ஜோடி வாங்கினேன், பூப்போட்டது. தங்கச்சி பார்த்துவிட்டு, "அழகா இருக்குண்ணே. பெரியவளானதும் போடுதேன்" என்று பீரோவில் வைத்துவிட்டாள். காதில் தம்பி வாங்கிய தோடு இருந்தது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருமகள் என்னிடம் வரவே இல்லை. தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். தம்பி ஒவ்வொரு சாயங்காலமும் அவளை ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய் ரயில் காட்டுவான் என்பதால், ஒருநாள் அவனை முந்திக்கொண்டு நான் தூக்கிப்போனேன். ரயில் வந்தது, போனது. அவள் ரயிலைப் பார்க்கவில்லை, ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டு அழுதாள். தம்பி பைக்கில் வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தாள். வரும் வழியில் அவன் என்னிடம் பனியைப் பற்றிக் கேட்டான். கைல அள்ளினா சுடுமாமே, அப்படியா என்றான். என் டென்மார்க் கம்பளிச் சட்டையைத்தான் போட்டிருந்தான், அந்த வெக்கையில்.

"குடுத்து வச்சவம்ணே நீ" என்றான்.

"நீதாம்ல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியவைக்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

அடுத்த வாரம் தங்கச்சி பதறிக்கொண்டு போன் செய்தாள். பிள்ளையின் இடது காதுத் தோட்டைக் காணவில்லை. கழன்று சில நாள் ஆகியிருக்கும் போல. மொட்டைத் தலைக்கு மாட்டிவிடும் துணிக்குல்லாய் காதை மூடிக்கொண்டதில் யாரும் கவனிக்கவில்லை. "துளை தூந்துட்டுண்ணே. மறுபடி குத்தணும்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐயோ பாவம் என்று வாயால் சொல்லிவிட்டு, "இந்தத் தடவை என் மடி" என்றேன். பீரோவிலிருந்து என் தோட்டை எடுக்கச் சொன்னேன். காப்பரிசி வேண்டும் என்றேன். "ஒத்தக் காதுக்குக் காப்பரிசியாடே? சிரிப்பானுவ" என்றாள் அம்மா. சிரிக்கட்டும். மாலைக்கு மட்டும்தான் விட்டுக்கொடுத்தேன். புது வேட்டி கட்டிக்கொண்டு ஆசாரி கடைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மருமகளை என் மடியில் வைத்தார்கள். வாயில் காப்பரிசி திணித்திருந்ததால் அழ மறந்திருந்தாள். கனமாக, சூடாக இருந்தாள். "மாமனா? தலைய அசையவிடாமப் புடிங்க" என்றார் ஆசாரி. கயிற்றில் தொங்கிப் பழகிய கை, பிடித்தால் அசையாது. பிடித்தேன். அப்போது அவள் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். நான் வந்ததிலிருந்து அவ்வளவு நேரம் அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சிரித்தேன். ஆசாரி குத்தினார்.

அலறிய அலறலில் காப்பரிசி என் சட்டையெல்லாம் தெறித்தது. அவள் என் நெஞ்சில் இரண்டு காலையும் ஊன்றி உதைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்ற தம்பியிடம் கையை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் வேட்டி காய்ந்தே இருந்தது.

வீடு வரும்வரை சட்டையில் ஒட்டிய காப்பரிசியைத் தட்டிக்கொண்டே வந்தேன். தம்பிதான் ஆரம்பித்தான்.

"மூஞ்சிய அப்படி வைக்காதண்ணே. அன்னைக்கு எனக்கும் இதே கதிதான். ஒரு வாரம் என்னயக் கண்டாலே அலறுவா. வண்டிச் சத்தம் கேட்டா அடுப்படிக்குள்ள தவந்து போயிருவா. நானும் விடல, தினமும் போயி வாசல்ல ஒக்காந்திருந்தேன். ஒரு வாரங் கழிச்சு அவளே வந்து மடியில ஏறிட்டா. நீயும் ஒரு வாரம் போயி உக்காரு. வந்துருவா."

இதை அவன் எனக்கு ஒரு தடவைகூடப் போனில் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அடுத்த சுற்றுக்கு எனக்கு டிக்கெட் வந்திருந்தது. அன்றிலிருந்து இரண்டாம் நாள் மத்தியானம் திருவனந்தபுரத்தில் விமானம்.

கிளம்புகிற அன்று காலையில் வாடகைக் காரைத் தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். தம்பி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் படியில் நின்று, "இந்தத் தடவை எந்த நாடு? குடுத்து வச்சவரு!" என்றார். என் பூப்போட்ட தோடு அவள் இடது காதில் வெயில் பட்டு மின்னியது. "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றான் தம்பி. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையாலும் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். "கைய எடுடா, டாட்டா சொல்லு" என்று அவன் கெஞ்சினான். கார் தெருமுனை திரும்பும்வரை அவள் கையை எடுக்கவில்லை.